நிலாவரைக்கு அடியில் கடல்

நவக்கிரியில் நிலாவரைக் கேணிக்குள் ஒரு தேசிக்காயைப் போட்டால் அது கீரிமலையில் மிதக்கும் என்பது வலிகாமத்துச் சிறுவர்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. தேசிக்காய் போய்ச் சேருமோ என்னவோ, நிலத்தடியில் வழிகள் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லை மழைநீர் காலகாலமாகக் கரைத்து உள்ளே பொந்தும் புழையுமாக்கி வைத்திருக்கிறது. அப்படியொரு பொந்தின் கூரை இடிந்து விழுந்த இடம்தான் நிலாவரை. அங்கே மேலே இருப்பது நன்னீர், ஆழத்தில் உவர்நீர்.

தோண்டிய இடத்தில் ஊறும் நீரை இறைத்துக் காயவைப்பது வேறிடங்களில் நடக்கிற காரியம்தான். குருநாகல் பக்கத்துக் கஹட்டகஹ காரீயச் சுரங்கம் சுமார் 600 மீற்றர் ஆழம். அத்தகைய சுரங்கங்களில் பாறை வெடிப்புகளால் கசியும் நீரை அடிக்குழியில் சேர்த்து, படிப்படியாகப் பம்பு வைத்து மேலேற்றி, சேறு படிந்த பிறகே வெளியே விடுவார்கள். பம்பு நின்றால் சுரங்கம் கிணறாகிவிடும்.

யாழ்ப்பாணத்தில் இந்த வித்தை பலிக்காது.

நன்னீர் உப்புநீரைவிடச் சற்று இலேசானது. 1000-க்கு 1025 என்ற வித்தியாசம். அதனால் மழைநீர் கல்லுக்குள் கடல்நீரின்மேல் மிதக்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். நெதர்லாந்தின் கைபனும் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டித் தனித்தனியே கண்ட கணக்கு இது. கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் பயம் பிடிக்கும்: இறைத்து ஓர் அடி குறைத்தால், காலப்போக்கில் உப்பு 40 அடிவரை மேலேறலாம். கல் வெட்டிய கிடங்கைக் காயவைக்க மிசின் பூட்டுகிறவர் கடலுக்கு வெத்திலை வைக்கிறார்.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் ஆளுக்குக் கால் ஓய்ந்தது, கிணற்றுக்கும் ஊற்று ஊற நேரம் கிடைத்தது. பம்புக்குக் களைப்பில்லை. ஐப்பசி மழைக்கு முந்திய வறட்சியில், வெங்காயத்துக்கு விடாமல் இறைத்தால் தண்ணீர் நாக்கில் கரிக்கத் தொடங்கும்.

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இலிருந்து 1990 வரை இதே கல்லைத்தான் திறந்த கிடங்குகளாக வெட்டியெடுத்தது. மேலிருந்து இறங்கும் மழைநீரை வடிகட்டும் மண்ணும் கல்லும் வெட்டிய அளவுக்குக் குறைந்துபோகும். கழிவுநீரைத் திறந்துவிட இங்கே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். ஆகவே பழைய கல்லுக்கிடங்கில் கொட்டுகிற குப்பையின் சாறும், மலக்குழியில் ஊறுவதும், தோட்டத்துக்கு அளவுக்கு மிஞ்சிப் போட்ட யூரியாவும் அதே பொந்துகள் வழியே போய், பக்கத்து வளவுக் கிணற்றில் ஏறுகின்றன.