பட்டாவில் ஏறாத பெயர்கள்

ஜமீன்தார் இல்லை, குத்தகை எடுத்து வசூலிப்பவர் இல்லை, சர்க்காரும் குடியானவரும் நேருக்கு நேர் என்றுதான் ரயத்துவாரி முறை நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயருக்குக் கைமாறிய பாராமகால் பகுதியில் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் தொடங்கிய ஏற்பாடு அது. மன்றோ கவர்னராக வந்த 1820-ல் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் விதியாகிவிட்டது. வயல்வயலாக அளந்து, நஞ்சை, புஞ்சை, தரம் என்று பிரித்து எழுதிய அந்தக் கணக்கின் உழைப்பை மறுக்க முடியாது. ஆனால் தீர்வை கட்டப்போகிறவர் யார் என்பதற்கு மேல் அது எதையும் கேட்கவில்லை. சேற்றில் இறங்கியவர்களுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

தஞ்சாவூரிலும் செங்கல்பட்டிலும் இதன் விளைவு கொடியது. அங்கே நிலம் மிராசுதார்களிடம் இருந்தது, உழைப்பு பண்ணையாட்களிடம் இருந்தது. 1819 வாக்கில் பண்ணையடிமை பற்றி வருவாய் வாரியம் விசாரித்தபோது, நிலத்தோடு ஆட்களும் விற்கப்பட்ட செய்தி கலெக்டர்களின் பதில்களிலேயே வந்தது. தெரிந்திருந்தும் பட்டா மிராசுதாருக்கே போனது. தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து என்ற விண்ணப்பம் போட்டாலும் செங்கல்பட்டில் முதல் உரிமை மிராசுதாருக்குத்தான். தலித் மக்கள் நிலமற்றுக் கிடப்பதை அம்மாவட்டக் கலெக்டர் திரமென்கீர் 1891-ல் அறிக்கையாக எழுதி, மறு ஆண்டு அரசாணை பிறந்த பிறகே அவர்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் என்ற ஒன்று உண்டானது. ரயத்துவாரி பொது விதியாகி எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

மன்றோ குடியானவர் பக்கம் நின்றவர் என்பார்கள். தீர்வையில் கால்பங்கைக் குறைக்கச் சொல்லி 1807-லேயே அவர் எழுதியது உண்மைதான். ஆனால் தீர்வை குறைந்தால் லாபம் பட்டாதாருக்கு, வாரத்துக்கு உழுதவருக்கு அல்ல. சிறிய பட்டாதாரும் நிம்மதியாக இருந்துவிடவில்லை. தீர்வை பாக்கிக்காக விரல்களைக் கிட்டியில் நெரித்ததையும் உடலை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாள் போட்டு வெயிலில் நிறுத்தியதையும் 1855-ல் வெளிவந்த சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. பெயர் பதிவானவர்களுக்கே இந்தக் கதி என்றால், பதிவாகாதவர்களின் துன்பத்தை எந்த அறிக்கையில் தேடுவது?

இது பழங்கதையாகிவிட்டது என்று விட்டுவிட முடியவில்லை. குத்தகைச் சாகுபடியாளரின் உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1969-ல்தான். இன்றும் வாய்மொழிக் குத்தகைக்குப் பயிரிடுபவர், பதிவு கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று அஞ்சி வாய் திறப்பதில்லை. மழையில் சம்பா அழுகினால், கடன் வாங்கி நட்டவர் நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் பட்டாதாரின் தயவை எதிர்பார்த்து நிற்கிறார். பட்டாவும் சிட்டாவும் கணினிக்கு ஏறியிருப்பது நல்லதே. ஆனால் அதே பெயர்கள்தான் ஏறியிருக்கின்றன. பருவந்தோறும் கிராம நிர்வாக அலுவலர் வயலுக்கே சென்று, பயிரிடுபவரின் பெயரை உரிமையாளரின் சம்மதக் கையெழுத்துக்குக் காத்திராமல் அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். நிவாரணத் தொகையும் அந்தப் பெயருக்கே போக வேண்டும்.