கையும் கருவியும் – 9: சுட்டுப் பார்க்காமல் தெரியாத பிடி

வில்லும் குறுவாளுமாக நிற்கும் தருமபுரி நடுகல் வீரர்களைச் சென்ற வாரம் பார்த்தோம். வில்லை வளைப்பதில் கையோடு தோளும் முதுகும் சேர்ந்து உழைக்கும். பென்னாகரம் பக்கத்துக் காட்டோர ஊர்களில் வனத்துறை அவ்வப்போது ஒப்படைக்கச் சொல்லும் நாட்டுத் துப்பாக்கியும் அப்படித்தான். வெடிக்கும்போது எழும் உதையைக் கட்டை வழியாகத் தோள் வாங்கிக்கொள்ளும். கைத்துப்பாக்கிக்கு அந்த வசதி கிடையாது. எடையைத் தாங்குவது, குறியில் நிறுத்துவது, உதையை வாங்குவது எல்லாமே உள்ளங்கை அளவுள்ள ஒரு பிடியின் வேலை. அப்படியானால் எந்தப் பிடி நல்லது என்பதைச் சுடுபவரிடம் கேட்டால் போதாதா? போதாது. எடுத்தவுடன் இதமாக இருக்கும் பிடி வேறு, சுடும்போது கைக்கு ஒத்துழைக்கும் பிடி வேறு. முதலாவதை வைத்து இரண்டாவதை முடிவு செய்வதால்தான் இத்தனை சர்ச்சையும்.

நம் காவல்துறையினர் பல்லாண்டுகளாக இடுப்பில் சுமக்கும் 9 மி.மீ. பிஸ்டலையே எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் உருவாகும் இதற்கு மூலம், 1935-இல் பெல்ஜியத்தில் வெளிவந்த பிரௌனிங் ஹைபவர். மேகஸினில் 13 தோட்டாக்கள் இரட்டை வரிசையாக அடுக்கப்பட்டும் பிடி தடிக்கவில்லை. கையில் எடுத்தவர்கள் மெச்சியது அதைத்தான். ஆனால் சுடும்போது கதை மாறுகிறது. கை எவ்வளவு மேலேறிப் பிடிக்கிறதோ, அவ்வளவுக்குக் குழலின் துள்ளல் குறையும். இதில் அப்படி மேலேற்றிப் பிடித்தால், ஸ்லைடு பின்னோக்கி வந்து சுத்தியலை மடக்கும்போது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையை அந்தச் சுத்தியல் கடித்துவிடும். சதைப்பற்றுள்ள கைக்கு இது நிச்சயம். கடிபட்டவர் அடுத்த முறை தன்னையறியாமல் கையைக் கீழிறக்குவார், துள்ளல் கூடும். வெறும் கையில் வைத்துப் பார்க்கும்போது இந்தக் குறை கண்ணிலேயே படாது.

‘எல்லாம் பழக்கம்தான், எந்தப் பிடியும் பயிற்சியில் வசப்படும்’ என்பார்கள். பாதி உண்மை. 1908-இல் ஜெர்மன் ராணுவம் ஏற்ற லூகரின் பிடி நன்றாகச் சாய்ந்தது. குழலோடு ஏறத்தாழ 55 பாகை. அமெரிக்கர்களின் 1911 மாடல் கோல்ட் அதைவிட நிமிர்ந்தது. கோல்டில் பழகிய கை லூகரைத் தூக்கினால் குழல் மேல்நோக்கி நிற்கும். சில நாள் பயிற்சியில் சரியாகிவிடும். ஆகவே சாய்வைப் பற்றிய விருப்பத்தில் பெரும்பகுதி பழக்கமே என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் விரலின் நீளத்தைப் பயிற்சி மாற்றாது. விசை எட்டாத விரல் நுனியால் இழுக்கும். இழுக்கிற இழுப்பிலேயே குழல் பக்கவாட்டில் தள்ளப்படும். முதல் உலகப்போர் அனுபவத்துக்குப் பின் அமெரிக்க ராணுவம், ‘இன்னும் பழகுங்கள்’ என்று சிப்பாய்களை விரட்டவில்லை; 1920-களின் நடுவில் பிஸ்டலையே திருத்தியது. விசை குட்டையானது, அதன் பின்னால் விரல் புகச் சட்டம் செதுக்கப்பட்டது, பிடியின் முதுகு புடைத்தது, சுத்தியல் கடிக்காதபடி பின்வால் நீண்டது. நான்கும் கையின் அளவுக்கும் அமைப்புக்கும் சொன்ன பதில்கள்.

இலகுவாகச் செய்துவிட்டால் இதமாகிவிடாதா என்பது அடுத்த கேள்வி. பெண்களுக்கென்று கான்பூரில் தயாரித்து 2014-இல் அறிமுகப்படுத்திய ‘நிர்பீக்’ ரிவால்வர் சுமார் 500 கிராம்தான். பையில் சுமக்க அது வசதி. ஆனால் அதே தோட்டாவைச் சுடும் துப்பாக்கியின் எடை குறைந்தால் உதை கூடும். அந்தக் கூடுதலை வாங்கப்போவது அதே சிறிய கை. சுமக்கும் சுகத்துக்கான விலையைச் சுடும்போது கொடுக்க வேண்டியிருக்கிறது.

போட்டிக்காரர்களைப் போல ஆளுக்கொரு பிடி செதுக்கிக் கொடுத்தால் என்ன? பாரீஸில் 2024-இல் மனு பாக்கர் வெண்கலம் வென்ற 10 மீட்டர் ஏர் பிஸ்டலில், விரல்களின் பள்ளமேடுகளுக்கு ஏற்ப மரப்பிடியைச் செதுக்கிக்கொள்ள இடமுண்டு. மணிக்கட்டுக்கு முட்டுக்கொடுக்க மட்டும் விதி அனுமதிக்காது. ஆனால் அது ஒற்றைக் கையால், நிதானமாக, உதையே இல்லாமல் சுடும் ஆட்டம். உறையிலிருந்து சட்டென உருவ வேண்டிய, இன்று ஒருவரிடமும் நாளை வேறொருவரிடமும் இருக்கும் காவல் பிஸ்டலுக்கு அது ஒத்துவராது. அதற்கு நடைமுறை வழி, 2010-இல் வந்த நான்காம் தலைமுறை கிளாக்கில் இருப்பதுபோல, பிடியின் முதுகுப் பட்டையைக் கைக்கேற்ப மாற்றிக்கொள்வது. எந்தப் பட்டை என்பதைத் தேர்வு செய்யவும் ஒழுங்கு வேண்டும்: முதலில் விரல் விசையை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு சில சுற்றுகள் சுட்டு, ஒவ்வொரு தோட்டாவுக்குப் பின்னும் குழல் தானாகக் குறிக்குத் திரும்புகிறதா, பிடி கையில் நழுவுகிறதா என்று கவனிக்க வேண்டும். பிடித்திருக்கிறதா என்ற கேள்வியை அதற்குப் பிறகு கேட்டால்தான் பதிலுக்கு மதிப்பு.

(அடுத்த வாரம்: அரிவாள் பிடி)