மைதானம் நிறைகிறது, நாடு பார்க்கவில்லை

2023 நவம்பர் 1 இரவு, டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி தன் வரலாற்றில் முதன்முறையாக, பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் கோப்பையை வென்றது. டெக்சாஸ் கொண்டாடியது. மற்ற அமெரிக்கா அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்தத் தொடரின் ஆட்டங்களைச் சராசரியாகப் பார்த்தவர்கள் 91 லட்சம் பேர். வேர்ல்ட் சீரிஸுக்கு இவ்வளவு குறைந்த பார்வையாளர்கள் அதற்கு முன் பதிவானதில்லை. 1978-ல் நியூயார்க் யாங்கீஸும் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸும் மோதியபோது இந்த எண்ணிக்கை 4 கோடியே 40 லட்சம். அன்றைய மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர். 2023-ல் முப்பத்தைந்து பேருக்கு ஒருவர்கூடத் தேறவில்லை.

பேஸ்பால் செத்துக்கொண்டிருக்கிறது என்று இதை வைத்துச் சட்டென்று எழுதிவிடலாம். அமெரிக்கப் பத்திரிகைகள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் எழுதிவருகின்றன. ஆனால் அதே 2023-ல், ஆட்டத்தின் முதன்மைப் போட்டியான மேஜர் லீகின் மைதானங்களில் 7 கோடிக்கும் அதிகமான டிக்கெட்டுகள் விற்றன. 2024-ல் அது 7 கோடியே 13 லட்சமாக ஏறியது. லீகின் ஆண்டு வருமானம் 1,200 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. சாகக் கிடக்கும் ஆட்டத்துக்கு ஏது இத்தனை கூட்டம், இத்தனை காசு?

நடந்திருப்பது வேறு. நாடு முழுவதற்கும் பொதுவாக இருந்த ஆட்டம், முப்பது அணிகளின் ஊர்ப் பாசமாகச் சுருங்கிவிட்டது. செயின்ட் லூயிஸ்காரருக்குக் கார்டினல்ஸ் போதும். பாஸ்டன்காரருக்கு ரெட் சாக்ஸ் போதும். தன் அணி தோற்று வெளியேறினால் அவருக்கு அந்த ஆண்டு பேஸ்பால் முடிந்தது. இறுதிப் போட்டியில் யார் ஆடினால் என்ன?

கேலப் நிறுவனம் 1948-ல் அமெரிக்கர்களிடம், பார்க்கப் பிடித்த விளையாட்டு எது என்று கேட்டபோது 39 சதவீதம் பேர் பேஸ்பால் என்றார்கள். அமெரிக்கக் கால்பந்துக்குக் கிடைத்தது 17 சதவீதம். 1972-ல் கால்பந்து முந்தியது. அதன்பின் பேஸ்பால் முதலிடத்துக்குத் திரும்பவே இல்லை. 2023 இறுதியில் கேட்டபோது கால்பந்துக்கு 41, பேஸ்பாலுக்கு 10.

இந்தச் சரிவுக்குக் காரணம் கேட்டால் பலரும் 1994-ஐச் சொல்வார்கள். அந்த ஆகஸ்டில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, 1904-க்குப் பிறகு முதன்முறையாக வேர்ல்ட் சீரிஸே ரத்தானது. பிறகு 1998-ல் மார்க் மெக்வயரும் சாமி சோசாவும் போட்டிபோட்டு ஹோம் ரன்களாக விளாசியதில் ரசிகர்கள் திரும்பினார்கள். அந்தக் காலத்து விளாசல்களுக்குப் பின்னால் ஊக்கமருந்து இருந்த கதையும் பின்னாலேயே வந்தது. இரண்டுமே காயங்கள்தான். ஆனால் கேலப் கணக்கில் பேஸ்பால் பின்தங்கியது வேலைநிறுத்தத்துக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முன்பே. மைதானங்களுக்கு அதிகக் கூட்டம் வந்த ஆண்டோ 2007. ஊக்கமருந்து விவகாரம் உச்சத்தில் இருந்த நேரம் அது. ஆகவே இந்த விளக்கத்தை நான் அரை மனதோடுதான் ஏற்கிறேன்.

என் பார்வையில் முக்கியமான ஆண்டு 1961. தேசியக் கால்பந்து லீகின் தலைவர் பீட் ரோசல் எல்லா அணிகளின் ஒளிபரப்பு உரிமையையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்று, வருமானத்தைச் சமமாகப் பங்கிட வழிசெய்தார். அதற்காக அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. இன்று ஓர் அணிக்கு ஒரு சீசனில் 17 ஆட்டம்; ஒவ்வொன்றும் நாடே கூடிப் பார்க்கும் திருவிழா. பேஸ்பாலில் ஓர் அணிக்கு 162 ஆட்டம், மொத்தம் 2,430. அத்தனையையும் தேசியச் சேனல்கள் காட்ட முடியாது. ஆகவே அணிகள் தத்தம் வட்டாரத்துக் கேபிள் சேனல்களுக்கு உரிமையை விற்றன. ஆட்டத்தைப் பார்க்காதவர்களும் கேபிள் சந்தாவோடு சேர்த்து அந்தச் சேனலுக்குப் பணம் கட்டினார்கள். சும்மா வந்த காசு அது. (நம் ஊர் ஐபிஎல்லிலும் அணிகள் ஊர்ப் பெயரோடுதான் ஆடுகின்றன, உரிமையை விற்பது மட்டும் கிரிக்கெட் வாரியம். அதனால்தான் சென்னையில் இருப்பவர் மும்பை-கொல்கத்தா ஆட்டத்தையும் சிரமமின்றிப் பார்க்க முடிகிறது.)

இந்தக் காசு ரசிகர்களை என்ன பாடுபடுத்தியது என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் சாட்சி. டாட்ஜர்ஸ் 25 ஆண்டுகளுக்கு 835 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டு, 2014-ல் தனிச் சேனல் தொடங்கியது. சேனல் கேட்ட கட்டணத்தைத் தர மற்ற கேபிள், டிஷ் நிறுவனங்கள் மறுத்தன. நகரின் பெரும்பாலான வீடுகளில் சொந்த ஊர் அணியின் ஆட்டம் தெரியவில்லை. அப்போது டாட்ஜர்ஸுக்கு வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தவர் வின் ஸ்கல்லி. 1950-ல் அந்த அணி புரூக்ளினில் இருந்தபோதே மைக் பிடித்தவர். அணி 1958-ல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்ததும், மைதானத்தில் உட்கார்ந்து கண்ணெதிரே ஆட்டம் பார்க்கிறவர்கள்கூட அவர் குரலுக்காக டிரான்சிஸ்டர் ரேடியோ கொண்டுவந்தார்கள். 67 சீசன்கள் பேசிய அந்த மனிதரின் கடைசி மூன்று ஆண்டுகளை லாஸ் ஏஞ்சலிஸிலேயே பாதிப்பேர் பார்க்கவில்லை. 2016-ல் அவர் ஓய்வுபெறும் நேரத்தில் கடைசி சில ஆட்டங்களை இலவசச் சேனல் ஒன்றில் காட்டினார்கள். சேனல் தகராறு பெருமளவுக்குத் தீர 2020 ஆனது.

இன்னொரு கூத்து அயோவா மாநிலத்தில். அங்கே மேஜர் லீக் அணி ஒன்றுகூட இல்லை. ஆனால் சிகாகோவின் இரண்டு அணிகள், செயின்ட் லூயிஸ், கன்சாஸ் சிட்டி, மில்வாக்கி, மினசோட்டா என ஆறு அணிகள் அதைத் தங்கள் வட்டாரம் என்று உரிமை கொண்டாடின. காசு கட்டி லீகின் இணையச் சேவையை வாங்கிய அயோவாக்காரருக்கு அந்த ஆறு அணிகளின் ஆட்டமும் இருட்டடிப்பு. ரசிகர்களைத் துரத்தியடிக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை யாரும் யோசித்திருக்க முடியாது. பிறகு மக்கள் கேபிளையே துண்டிக்கத் தொடங்கினார்கள். 14 அணிகளின் உரிமையை வைத்திருந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் குழுமம் 2023 மார்ச்சில் திவால் மனு போட்டது.

இப்படி அறை அறையாகத் தடுத்த வீட்டில் தேசிய நாயகன் எங்கிருந்து வருவான்? மைக் ட்ரவுட் மூன்று முறை லீகின் மதிப்புமிக்க வீரர் விருது பெற்றவர், தன் தலைமுறையின் மகத்தான ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தவர். கலிபோர்னியாவில் இருக்கும் அவருடைய ஏஞ்சல்ஸ் அணி சீசனுக்குப் பிந்தைய சுற்றுக்கு அவரைக் கூட்டிப்போனது ஒரே முறை, 2014-ல். மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. கிழக்குக் கடற்கரையில் அவர் நடந்து போனால் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

குழந்தைகளையும் பேஸ்பால் தானாகவே விலக்கிவைத்தது. விளம்பரக் காசுக்காக வேர்ல்ட் சீரிஸை இரவுக்கு நகர்த்தினார்கள். பகலில் கடைசியாக ஓர் ஆட்டம் நடந்தது 1987-ல். கிழக்கில் ஆட்டம் முடிய நள்ளிரவு ஆகும்; மறுநாள் பள்ளி. கறுப்பின மக்களின் விலகல் இன்னும் வேதனையானது. 1947-ல் ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்த ஆட்டம் இது. 1981-ல் வீரர்களில் 18 சதவீதத்துக்கு மேல் இருந்த கறுப்பின அமெரிக்கர்கள் 2024-ல் 6 சதவீதம்.

ஆட்டத்தின் மந்தத்தைப் பற்றிய புகாரை மட்டும் லீக் காதில் வாங்கிக்கொண்டது. 2021-ல் ஓர் ஆட்டம் சராசரியாக மூன்று மணி பத்து நிமிடம் இழுத்தது. 2023-ல் பந்து எறிபவருக்குக் கடிகாரம் வைத்தார்கள். தளங்களில் ஓட்டக்காரர் இல்லாவிட்டால் 15 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். ஆட்டம் இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் முடிந்தது. பாரம்பரியம் போச்சு என்று புலம்பியவர்கள் ஒரே மாதத்தில் அடங்கிவிட்டார்கள்.

ஜப்பானிய வீரர் ஷோஹெய் ஒட்டானி டாட்ஜர்ஸுக்கு வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024 வேர்ல்ட் சீரிஸின் முதல் இரண்டு ஆட்டங்களை ஜப்பானில் சராசரியாக ஒன்றரைக் கோடிப் பேர், அதுவும் காலை வேளையில், பார்த்தார்கள். 2025-ல் டாட்ஜர்ஸும் டொரன்டோவும் மோதிய ஏழாவது ஆட்டம் பதினொரு இன்னிங்ஸ் நீண்டு, அமெரிக்காவில் மட்டுமே இரண்டரைக் கோடிப் பேரை உட்கார வைத்தது. நல்ல ஆட்டம் கண்ணில் பட்டால் மக்கள் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

லீகின் ஆணையர் ராப் மேன்ஃப்ரெட், தேசிய ஒப்பந்தங்கள் முடியும் 2028-க்குள் எல்லா அணிகளின் உள்ளூர் உரிமைகளையும் ஒன்றுசேர்த்து விற்க விரும்புகிறார். ரோசல் 1961-ல் செய்த அதே வேலை. அதற்கு யாங்கீஸும் டாட்ஜர்ஸும் தங்கள் கொழுத்த உள்ளூர் வருமானத்தைச் சின்ன ஊர் அணிகளோடு பகிர ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பே, 2026 டிசம்பர் 1-ல், வீரர்கள் சங்கத்துடனான ஊதிய ஒப்பந்தம் காலாவதியாகிறது.