பொரிக்காத முட்டை சொல்லும் காரணம்



சில மாதங்களுக்கு முன்பு தோட்டத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். அஞ்சடியில் ஒரு கம்பிக் கூண்டு; அதில் இரண்டு மஞ்சள் கேனரிப் பறவைகள். தீபாவளிக்குக் கிடைத்த பணத்தைச் சேர்த்து அவருடைய மகள் வாங்கியவை. என்னைக் கண்டதும் அவர், "மச்சான், இரண்டு தடவை முட்டையிட்டாச்சு. ஒவ்வொரு தடவையும் ஏழு முட்டை. ஒரு குஞ்சுகூட இல்லை. முட்டையிட்ட பெட்டையைக் கடையில் கொடுத்து மாற்றிவிடலாமா?" என்று கேட்டார். பெண்பிள்ளையின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"பெட்டையைக் குற்றம் சொல்லுமுன் முட்டையைக் கேட்டுப் பார்ப்போம்" என்றேன். இன்றைய பேச்சின் சாரமும் அதுதான்.

முதலில் பறவையைப் பற்றி இரண்டொரு வார்த்தை. ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாந்திக் கடலிலுள்ள கேனரி, மதெய்ரா, அசோர்ஸ் தீவுகள்தாம் இதன் தாயகம். அங்கே குளிர்காலம் கழிந்து பகல் நீளத் தொடங்கும்போது இதற்கு இனப்பெருக்கக் காலம் வருகிறது. நம் நாட்டிலோ ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். ஆகவே சில ஜோடிகள் கூடு கட்டாமலே காலத்தைக் கழிக்கின்றன. அத்தகைய பறவைகளுக்கு மாலையில் விளக்கைச் சற்று நேரம் எரியவிட்டு, வாரத்துக்குக் கால் மணி, அரை மணி என்று மெல்லக் கூட்டி, வெளிச்சத்தை 14 மணி நேரம் வரை கொண்டுவரலாம். ஆனால் நேரம் ஒழுங்காக இருக்க வேண்டும். இன்று தொலைக்காட்சி முடியும்வரை விளக்கு, நாளை ஏழு மணிக்கே இருட்டு என்றிருந்தால் பறவை குழம்பிப்போகும். இறகு உதிர்க்கும் காலத்திலும், ஒரு வயது நிறையாத பறவையிடமும் முட்டையை எதிர்பார்க்கக் கூடாது.

இனி, முட்டைக்கு வருவோம். கேனரி நாளுக்கொன்றாக 3 முதல் 5 முட்டை வரை இடும். 13 அல்லது 14 நாள் அடைகாக்கும். அடை வைத்த ஆறாம் நாள், பெட்டை தீனிக்கு இறங்கிய நேரம் பார்த்து, சுத்தமான கையால் முட்டையை எடுத்து, இருட்டில் டார்ச் விளக்குக்கு நேரே பிடியுங்கள்.

உள்ளே ஒன்றுமின்றித் தெளிவாக இருந்தால் அது கருக்கூடாத முட்டை, அதாவது கூமுட்டை. எங்கள் உறவினர் வீட்டு முட்டைகள் இப்படித்தான் இருந்தன. ஒரு கூட்டில் ஏழு முட்டை என்பதும் ஐயத்தைத் தந்தது. "இவற்றில் எது பாடும்?" என்று கேட்டேன். "இரண்டும் கீச்கீச் என்று கத்தும், பாட்டெல்லாம் இல்லை" என்றாள் மகள். விஷயம் விளங்கிவிட்டது. இரண்டுமே பெட்டைகள்! கேனரியில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தொண்டை புடைக்க நீண்ட நேரம் பாடுவது ஆண். ஆகவே பாட்டைக் காதால் கேட்டபிறகே ஜோடி வாங்க வேண்டும்.

ஆண் இருந்தும் கூமுட்டையானால், இரண்டும் இன்னும் பழகவில்லை என்று கொள்ளலாம். கூண்டின் நடுவே கம்பித் தடுப்பு வைத்துப் பிரித்து வையுங்கள். ஆண் தடுப்பு வழியே பெட்டைக்கு இரை ஊட்டி, பெட்டை நாரைக் கவ்விக்கொண்டு திரியும்போது தடுப்பை எடுத்தால் போதும்.

சிவந்த நரம்புகள் தெரிந்த முட்டை பிறகு கெட்டுப்போனால், கரு பிடித்து இறந்துவிட்டது என்று பொருள். பெட்டை அடையைவிட்டு அடிக்கடி எழுந்தால் முட்டை குளிர்ந்துபோகும். அது ஏன் எழுகிறது? பிள்ளைகள் கையை விடுவது, பூனை சுற்றுவது, எறும்பு ஏறுவது, இவற்றோடு செந்நிறப் பேன். இந்தப் பேன் பகலில் கூண்டின் இடுக்கில் ஒளிந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். இரவில் கூண்டின்மேல் வெள்ளைத் துணியைப் போட்டு, காலையில் பாருங்கள். சிவப்புப் புள்ளிகள் ஊர்ந்தால் பேன் இருக்கிறது. பறவையை வேறு கூண்டுக்கு மாற்றி, பழைய கூண்டைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவையுங்கள். எறும்புக்கு, கூண்டு தொங்கும் கொக்கியில் கிரீஸ் தடவினால் போதும்.

இருபுறமும் கொண்டையுள்ள பறவைகளை ஜோடி சேர்ப்பதும் தவறு. இரு பக்கமிருந்தும் கொண்டைக்குரிய மரபுக்கூற்றைப் பெறும் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே இறந்துபோகும்.

பொரித்த குஞ்சுகளில் கடைசிக் குஞ்சு மட்டும் சாவதுண்டு. முதல் முட்டையிலிருந்தே பெட்டை அடை உட்கார்ந்தால் மூத்த குஞ்சு பெரிதாகி இளையதை மிதித்துவிடும். இதைத் தவிர்க்க, முதல் மூன்று முட்டைகளையும் இட்ட அன்றன்றே எடுத்துப் பஞ்சின்மேல் வைத்து, கூட்டில் பிளாஸ்டிக் முட்டையை வையுங்கள். நான்காம் முட்டை இட்டதும் எல்லாவற்றையும் திருப்பி வைத்தால் ஒரே நாளில் பொரிக்கும்.

கூட்டுக்கு 10 சென்டிமீட்டர் அகலமுள்ள கிண்ணம் போதும். தேங்காய் நாரைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுங்கள். நீண்ட நூல் காலில் சுற்றி விரலை அறுத்துவிடும். குஞ்சுகளுக்கு அவித்த முட்டையை ரொட்டித் தூளில் பிசைந்து கொடுக்கலாம். நம் வெயிலில் அது விரைவில் கெட்டுவிடும். இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். கீரை கொடுப்பவர்கள், களைக்கொல்லி தெளித்த நிரைகளிலும் சாலையோரத்திலும் பறிக்கவே கூடாது. கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையும் கூண்டை அண்டக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. பெட்டை இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் முக்கி உட்கார்ந்திருந்தால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். வயிற்றை அமுக்காதீர்கள், முட்டை உடைந்தால் உயிரே போகும். கதகதப்பான இடத்தில் வைத்து, தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கூண்டில் எப்போதும் கணவாய் ஓடு தொங்கவிட்டிருந்தால், சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வரும் இந்த ஆபத்து குறையும்.

எங்கள் உறவினர் பெட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டில் ஒன்றைத் தனிக் கூண்டுக்கு மாற்றி, பாடுகிற ஆண் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். மகள் நாட்காட்டியில் நாள் குறித்து, தம்பிகளின் கையைக் கட்டிக் காத்தாள். மூன்று குஞ்சுகள் பொரித்தன. மலடி என்று பெயர் வாங்கவிருந்த பறவையே இன்று மூன்று குஞ்சுகளுக்குத் தாய்.

விளங்காத குறைக்கு வாயில்லாப் பிராணியைக் காரணமாக்குவது எளிது. சற்றுப் பொறுத்து, உற்றுப் பார்த்தால் உண்மை தெரியும்.