முதல் ஓட்டு செய்யும் வேலை

ஒரு செய்திக்குக் கீழே ஆயிரம் கருத்துகள் குவிந்தால் யாரும் அத்தனையையும் படிப்பதில்லை. மேலே தெரியும் பத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எது மேலே வர வேண்டும் என்பதை வாசகர் ஓட்டே தீர்மானிக்கட்டும் என்று பல தளங்கள் விட்டுவிட்டன. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஓட்டு தரத்தைத்தான் காட்டுகிறதா? லெவ் முச்னிக், சினான் அரல், ஷான் டெய்லர் மூவரும் 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வைப் பார்த்தால் சந்தேகம் வருகிறது. ஒரு செய்தித் தளத்தில் ஐந்து மாதங்களில் வந்த 1,01,281 கருத்துகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றுக்கு மட்டும் குலுக்கல் முறையில் ஒரே ஒரு ஆதரவு ஓட்டைப் போட்டுவைத்தார்கள். அடுத்துப் பார்த்தவர் ஆதரிக்கும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் ஏறியது. எதிர் ஓட்டு போட்டுவைத்த இடங்களில் மட்டும் பின்னால் வந்தவர்கள் அதைச் சரிக்கட்டினார்கள். காரணமில்லாத திட்டை ஏற்காத அதே கூட்டம், காரணமில்லாத பாராட்டுக்குத் தலையாட்டிவிட்டது.

பந்திக்கு முந்தியவருக்கே லாபம் என்ற இந்தக் கோளாறைக் கணக்கால் தீர்க்க ரெடிட் தளம் 2009-இல் முயன்றது. எட்வின் வில்சன் 1927-இல் தந்த சூத்திரத்தை அது கையில் எடுத்தது. அதை வாசகர்களுக்கு விளக்கி எழுதியவர் எக்ஸ்கேசிடி படக்கதை வரையும் ரேண்டல் மன்றோ. ஒரே ஒரு ஓட்டு விழுந்து அதுவும் ஆதரவாக இருந்தால் நூற்றுக்கு நூறு. நூறு ஓட்டில் 90 ஆதரவு என்றால் தொண்ணூறுதான். ஆனால் ஒரு ஓட்டை நம்பி என்ன சொல்ல முடியும்? வில்சன் கணக்கில் முதலாவது ஏறத்தாழ 0.21-க்கு இறங்குகிறது, இரண்டாவது 0.83-இல் நிற்கிறது. நல்ல திருத்தம், சந்தேகமில்லை. ஆனாலும் ஓட்டு போடுகிறவர் ‘நன்றாகச் சொன்னார்’ என்று போட்டாரா, ‘நம்ம ஆள்’ என்று போட்டாரா என்பது எந்தச் சூத்திரத்துக்கும் தெரியாது. ஓசியில் கிடைக்கும் ஓட்டு பெரும்பாலும் இரண்டாவது வகைதான் என்பது என் கணிப்பு. ஸ்லாஷ்டாட் தளம் இதை வேறு மாதிரி அணுகியது. அவ்வப்போது சில வாசகர்களுக்கு ஒரு சில ஓட்டுகளை மட்டும் கொடுத்தது. குறித்த நாளுக்குள் போடாவிட்டால் அவை காலாவதியாகும். போடும்போது ஆழமானது, தகவலுள்ளது, வேடிக்கையானது என்று காரணத்தையும் சொல்ல வேண்டும். தானும் பேசிய விவாதத்தில் ஓட்டு கிடையாது. கையில் இருப்பது கொஞ்சம் என்றால் படித்துவிட்டுத்தான் செலவழிப்பார்கள்.

இது சிலர் கையில் அதிகாரத்தைக் குவிக்காதா என்று கேட்கலாம். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதால் அந்தப் பயம் குறைவு. எதிர் ஓட்டு போட்டால் எழுதுகிறவர் திருந்துவாரே, அதற்காகவாவது தாராளமாக விடலாமே என்பது இன்னொரு வாதம். ஜஸ்டின் செங் குழுவினர் 2014-இல் நான்கு தளங்களை ஆராய்ந்து கண்டது நேர்மாறானது: எதிர் ஓட்டு வாங்கியவர்கள் முன்பைவிட அதிகமாக, முன்பைவிட மோசமாக எழுதினார்கள், மற்றவர்களுக்கும் எதிர் ஓட்டு போட்டார்கள். பாராட்டும் எழுத்தை உயர்த்திவிடவில்லை. ஆகவே ஓட்டால் எழுதுகிறவரைத் திருத்த முடியும் என்ற ஆசையை விட்டுவிட்டு, படிப்பவருக்கு வரிசைப்படுத்தித் தரும் வேலைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வதே சரி. அந்த வேலையும் ஒழுங்காக நடக்க, முதல் ஓட்டுகள் பிறர் கண்ணில் படக்கூடாது. ரெடிட்டில் குழு நடத்துகிறவர்கள் புதிய கருத்தின் மதிப்பெண்ணைச் சில மணி நேரம் மறைத்துவைக்க வசதி உண்டு. கருத்துப் பகுதி வைத்திருக்கும் மற்ற தளங்களும் குறைந்தபட்சம் இதையாவது செய்யட்டும்.