11 மீட்டர் பதற்றம்: கால்பந்து வீரர்களுக்கு ஹிப்னோதெரபி கைகொடுக்குமா?

கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர் அகலம். பந்து இருக்கும் இடத்திலிருந்து கோல் கோடு வரை 11 மீட்டர். தடுக்க ஒரே ஒரு ஆள். பயிற்சியில் அலட்டிக்கொள்ளாமல் அடிக்கிற பந்துதான் பெனால்டி. ஆனால் 1994 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இத்தாலியின் ராபர்ட்டோ பாஜியோ அடித்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. கோப்பை பிரேசிலுக்குப் போனது. இத்தாலியை இறுதிப் போட்டிவரை கொண்டுவந்து சேர்த்ததே பாஜியோவின் கோல்கள்தான். (அன்று அவர் தொடைக் காயத்தோடு ஆடினார். தவறுகிற எல்லாப் பந்தையும் மனதின் தலையில் கட்டிவிட முடியாது.)

நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பெரிய போட்டிகளின் பெனால்டி ஷூட்-அவுட்களை எடுத்துவைத்து அலசினார். இந்தப் பந்து உள்ளே போனால் ஜெயித்துவிடலாம் என்ற கட்டத்தில் 10-க்கு 9 பந்துகள் கோலாகியிருந்தன. தவறினால் அணி வெளியேறிவிடும் என்ற கட்டத்தில் அது 10-க்கு 6 என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. தூரமும் மாறவில்லை, பந்தும் மாறவில்லை.

பதறும்போது என்ன ஆகிறது?

அட்ரினலின் ஏறுகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தொடைத் தசை இறுகுகிறது. இதுவரைக்கும் பெரிய கெடுதல் இல்லை. ஓரளவு பதற்றம் ஆட்டத்துக்குத் தேவையும்கூட. சிக்கல் கவனம் இடம் மாறும்போது வருகிறது. ஆயிரக்கணக்கான தடவை அடித்துப் பழகிய கால் தானாகச் செய்யும் வேலையை மனம் மேற்பார்வை பார்க்கத் தொடங்குகிறது. மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்தால் கால் இடறுமே, அதே கதைதான்.

கண்ணும் ஏமாற்றுகிறது. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வில், பதற்றத்தில் இருந்த வீரர்கள் பந்து போக வேண்டிய மூலையை விட்டுவிட்டுக் கோல்கீப்பரையே அதிக நேரம் பார்த்தார்கள். பந்தும் அவர் கைக்கு எட்டும் இடத்தை நோக்கியே போனது.

சினிமாவில் பார்த்தது வேறு

இந்தப் பதற்றத்தைத் தணிக்கச் சொல்லப்படும் வழிகளில் ஒன்று ஹிப்னோதெரபி, அதாவது ஹிப்னாடிசத்தைச் சிகிச்சையாகப் பயன்படுத்துவது. ஹிப்னாடிசம் என்றதும் நம்மில் பலருக்கு ‘ஏழாம் அறிவு’ பட வில்லன்தான் நினைவுக்கு வருவான்: ஒரே பார்வை, எதிரில் இருப்பவர் பொம்மையாகிவிடுவார். சிகிச்சை அறையில் அப்படி எதுவும் நடப்பதில்லை. அங்கே வீரர் தூங்குவதில்லை. பேச்சு காதில் விழுகிறது. வேண்டாமென்றால் எழுந்து வந்துவிடலாம். 1955-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கமும், 1958-இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் தகுதி பெற்றவர்கள் கையில் இது பயனுள்ள முறை என்று ஏற்றுக்கொண்டன.

முதல் சந்திப்பு பெரும்பாலும் பேச்சிலேயே கழியும். எந்தக் கட்டத்தில் கை கால் நடுங்குகிறது, அப்போது மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று நிபுணர் கேட்டுக்கொள்வார். பிறகு மூச்சை நிதானமாக்கி, உடலைப் பகுதி பகுதியாகத் தளர்த்தி, எண்ணிக்கொண்டே வீரரை ஆழ்ந்த கவனநிலைக்கு அழைத்துப் போவார். தன்னம்பிக்கை தரும் வாசகங்கள் வருவது அந்த நிலையில்தான். வீரர் தன் சிறந்த ஆட்டம் ஒன்றை மனக்கண்ணில் மறுபடி ஆடிப் பார்ப்பார்: புல்லின் ஈரம், கூட்டத்தின் இரைச்சல், பந்து வலையில் விழும் சத்தம் உட்பட. அந்த உணர்வை ஒரு சின்னச் செய்கையோடு, உதாரணமாகக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்துவதோடு, முடிச்சுப் போட்டுவிடுவார்கள். மைதானத்தில் அந்தச் செய்கை அதே உணர்வைத் திருப்பிக் கொண்டுவரும் என்பது எதிர்பார்ப்பு. பழகியபின் வீரர் இதை வீட்டிலேயே தானாகச் செய்துகொள்ளலாம். ஸ்வீடனில் லார்ஸ்-எரிக் உனெஸ்டால் 1970-களிலேயே இப்படிப்பட்ட மனப்பயிற்சியை விளையாட்டு வீரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

ஆய்வு எவ்வளவு தூரம் துணை நிற்கிறது?

நேரடியாகக் கால்பந்தைத் தொட்ட ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. செய்தவர்கள் ஜேமி பார்க்கரும் சகாக்களும். 59 கல்லூரி வீரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஹிப்னாடிச அமர்வுகள். மற்றொரு பிரிவுக்குக் கால்பந்து வீடியோக்கள். பிறகு சுவரில் பட்டுத் திரும்பும் பந்தை விடாமல் உதைக்கும் சோதனை. ஹிப்னாடிசம் பெற்றவர்களுக்கு நம்பிக்கையும் கூடியது, உதைப்பதும் மேம்பட்டது. நான்கு வாரம் கழித்தும் அந்த வித்தியாசம் நின்றது. வேடிக்கை என்னவென்றால், நம்பிக்கை கூடியதுதான் ஆட்டம் மேம்படக் காரணம் என்று கணக்கில் நிறுவ முடியவில்லை.

இதை நல்ல தொடக்கம் என்பேன், அதற்கு மேல் போகமாட்டேன். சுவர் எதிரணி ஆகாது. அது நேரத்தைக் கடத்தி வம்பு செய்யாது, அதற்குப் பின்னால் ஐம்பதாயிரம் பேர் ஊளையிடுவதும் இல்லை. பத்து அமர்வில் நட்சத்திர வீரராக்குகிறோம் என்று விளம்பரம் வந்தால் நம்ப வேண்டாம்.

எல்லோருக்கும் ஒரே அளவில் பலிப்பதும் இல்லை. 1959-இல் ஸ்டான்ஃபோர்டில் உருவான அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய பத்தில் ஒருவர் மிக எளிதில் இந்த நிலைக்குப் போகிறார், பத்தில் ஒருவர் போவதே இல்லை, மிச்சப்பேர் நடுவில்.

எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள்

மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய் உள்ளவர்களுக்கு மனநல மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. வலிப்பு நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பழைய நினைவுகளைத் தோண்டி எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். நடக்காததை நடந்ததாக நம்பவைக்கும் ஆபத்து அதில் உண்டு. சிறுவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அவர்கள் உடனிருப்பதும் நல்லது.

விளையாட்டில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஹிப்னாடிசம் வலியைக் குறைத்துக் காட்டும். முழங்கால் தசைநார் கிழிந்த வீரர் வலி தெரியாமல் இறங்கி ஆடினால், காயம் அறுவை சிகிச்சைவரை போய்விடலாம். காரணம் தெரியாத வலியை முதலில் எலும்பு மருத்துவர் பார்க்க வேண்டும்.

சான்றிதழை மாட்டி வைத்திருப்பவர் எல்லாம் நிபுணர் அல்ல. இந்தியாவில் மனநல மருத்துவரையோ, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரையோ அணுகுவது பாதுகாப்பு.

செலவில்லாத பயிற்சி

யோர்டெட்டின் இன்னொரு கண்டுபிடிப்பு: நடுவர் விசில் ஊதியதுமே ஓடிவந்து அடிப்பவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். 1996 யூரோ அரையிறுதியில் பெனால்டியைத் தவறவிட்ட காரெத் சவுத்கேட் பயிற்சியாளரானபோது, இங்கிலாந்து வீரர்களை அவசரப்படாமல் நிதானமாக அடிக்கப் பழக்கினார். 2018-இல் மாஸ்கோவில் கொலம்பியாவை 4-3 என்று வீழ்த்தி, உலகக் கோப்பையில் தன் முதல் ஷூட்-அவுட் வெற்றியைப் பெற்றது இங்கிலாந்து. அதில் ஹிப்னாடிசம் எதுவும் இல்லை. பந்தை வை, பின்னால் போ, மூச்சை நீளமாக விடு, மூலையைப் பார், பிறகு ஓடு. இதைக் களைப்போடும், சக வீரர்களின் கேலிக்கு நடுவிலும் பழக வேண்டும். ஹிப்னோதெரபிக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதை ஒரு சீசன் முயன்று பார்க்கலாம்.

ஆட்டத்துக்கு முந்தைய பதற்றம் ஆட்டத்தோடு போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, மைதானத்தை நினைத்தாலே வெறுப்பு என்றால் அது பெனால்டிப் பிரச்சினை அல்ல. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.