காப்பித் தோட்டத்தில் ஒரு சீனத்து விருந்தாளி

ஏற்காட்டுக்கு வருவோர் ஏரியையும் அண்ணா பூங்காவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குப்பனூர் சாலையில் கொட்டச்சேடு பக்கம் போனால், சில்வர் ஓக் மர நிழலில் வளரும் காப்பித் தோட்டங்கள் வழியெங்கும் பறவைகளைக் காட்டும்.

குளிர்காலத்தில் அங்கே தேட வேண்டியது கொடிக்கால் வாலாட்டி. சீனா, கொரியா, கிழக்கு சைபீரியா பகுதிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இந்தச் சிறு பறவை, நிழல் மரங்களின் சருகுக்கடியில் பூச்சி தேடத் தென்னிந்தியா வரை பறந்து வருகிறது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். மார்பில் இரண்டு கருப்புப் பட்டைகளும் உண்டு. ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

காலையும் மாலையும் குரல் கொடுக்கும் ஆறுமணிக் குருவியும் வடக்கிலிருந்து வருவதுதான்.

ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையின் பறவைகள் மீதான அக்கறை புதிதல்ல. 1930ஐ ஒட்டி வெர்னே என்பவரின் பெயரில் நடந்த கிழக்குத் தொடர்ச்சி மலை ஆய்வு இந்த மலையையும் தொட்டது. இன்று அந்த வேலையைச் சாதாரண மக்களே செய்கிறார்கள். 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் நின்று கவனித்து, கண்டதை இ-பேர்டு இணையதளத்தில் பதிந்தால் போதும்.

அடுத்த பயணத்தில், தங்கும் ஊர் எதுவானாலும், விடியற்காலையில் பக்கத்துப் பூங்காவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். காப்பித் தோட்டங்களுக்குப் போவதானால், உள்ளே நுழையுமுன் அனுமதி கேளுங்கள்.